ஆய்வகத் தரவுக்கு எந்த பேக்கப்? நாஸ், டேப், கிளவுட்: ஓர் ஒப்பீடு

போன மாதம் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஒருவர் மரபணு வரிசைப்படுத்தும் ஆய்வகத்தில் இருக்கிறார், இன்னொருவர் ஒரு நுண்ணோக்கி மையத்தைப் பார்த்துக்கொள்கிறார். இருவரிடமும் 40 டிபி (டெராபைட்) சுமாருக்குத் தரவு இருக்கிறது, வருடத்துக்கு 10 டிபி கூடுகிறது. மானியத்தில் ஆறு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டும். நாஸ் பெட்டி (எல்லோரும் நெட்வொர்க்கில் பகிரும் டிஸ்க் பெட்டி) வாங்கலாமா, டேப் டிரைவ் (காந்த நாடாவில் எழுதும் கருவி) வாங்கலாமா, எதுவும் வாங்காமல் இணையத்தில் வாடகைக்கு இடம் தரும் கிளவுடுக்கே போய்விடலாமா?

பதிலுக்கு முன் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் ஸ்கிரிப்டில் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு), பத்து நாளுக்கு மேல் பழசான லாக் ஃபைல்களை, அதாவது இயந்திரம் எழுதி வைக்கும் பதிவுகளை, அழிக்கும் பகுதி ஒன்று இருந்தது. இயந்திரத்தைத் தந்த நிறுவனம் அந்த ஸ்கிரிப்டைத் திருத்தி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதன் மேல் போட்டுவிட்டது. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் என்ற நிரல் ஒரு ஸ்கிரிப்டை முழுதாகப் படித்து வைத்துக்கொண்டு ஓட்டாது, ஓட ஓடத்தான் படிக்கும். பாதியில் ஃபைல் மாறியதால், லாக் ஃபோல்டரின் பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாகிவிட்டது. அழிக்கும் கட்டளை ஆய்வாளர்களின் ஃபோல்டருக்குள் இறங்கியது. டிசம்பர் 14 மாலை தொடங்கி 16 மதியம் கண்டுபிடிப்பதற்குள் 77 டிபி போய்விட்டது. ஏறக்குறைய 3.4 கோடி ஃபைல்கள், 14 ஆய்வுக் குழுக்களுடையவை. அவற்றில் 4 குழுக்களின் தரவைப் பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை.

பத்து நாளாக யாரும் தொடாத ஃபைல்கள்தான் அங்கே போயின. ஆய்வகத்தில் அப்படிக் கிடப்பது எது? கருவியிலிருந்து ஒருமுறை இறக்கி வைத்த மூலத் தரவு. நாம் பாதுகாக்க நினைப்பதே அதைத்தான். அப்புறம், அதை அழித்தது ஹேக்கரோ தீயோ இல்லை, பேக்கப் எடுக்கும் வேலையேதான். பாதுகாக்க வந்த ஸ்கிரிப்டுக்கு மூலத்தை அழிக்கும் உரிமையும் இருந்திருக்கிறது.

அதனால் என் முதல் அளவுகோல் விலையோ வேகமோ கிடையாது.

## எதை வைத்து எடை போடுவது

ஒரே கை எல்லாவற்றையும் அழிக்க முடியுமா? ஒரே பாஸ்வேர்டு, ஒரே ஸ்கிரிப்டு, ஒரே அட்மின் கணக்கு. இவற்றில் ஏதாவது ஒன்று தவறினால் மூலமும் எல்லா நகல்களும் சேர்ந்தே போகுமா என்று பாருங்கள். போகும் என்றால் எத்தனை நகல் இருந்தாலும் எனக்கு அது ஒரு நகல் கணக்குதான்.

ஒரே கட்டடமா? தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் 2025 செப்டம்பரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல் வைத்திருந்த ஜி-டிரைவில் 858 டிபி அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியே பேக்கப் வைக்கவில்லை. நமக்குத் தீயைவிட வெள்ளம்தான் பக்கத்தில். 2015-இல் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவை என்ன ஆயின என்று பார்த்தோமே.

எதைத் திரும்ப உருவாக்க முடியும்? நாற்பது டிபியும் ஒரே தரம் இல்லை. வரிசைப்படுத்திய மூல ஃபைல் வேறு, அதைக் கணினியில் ஒப்புநோக்கிச் செய்த இடைநிலை ஃபைல் வேறு. இரண்டாவது போனால் நான்கு நாள் கணினி ஓடும், அவ்வளவுதான். முதலாவது போனால் மாதிரியே தீர்ந்திருக்கும், நோயாளியே இல்லாமல் இருக்கலாம். ஆய்வகக் குறிப்பேடு, கணினி நிரல்களின் கோடு, மாதிரிகளின் பட்டியல் மூன்றும் சேர்ந்து 500 ஜிபிகூட வராது. ஆனால் மாதிரிப் பட்டியல் இல்லாமல் மற்ற 39 டிபிக்கும் அர்த்தம் இல்லை. இந்தப் பிரிப்பைச் செய்து பார்த்தால் பாதி ஆய்வகங்களுக்கு 40 டிபி 15 டிபி ஆகிவிடும். கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் இதற்குச் செலவிடுங்கள்.

எத்தனை நாளில் திரும்ப வேண்டும்? நாளை காலைக்கே வேண்டுமா, அடுத்த வாரம் வந்தால் போதுமா? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் செலவு பாதியாகக் குறையும்.

பணம் எந்தத் தலைப்பில் வருகிறது? இது வெளிநாட்டு ஒப்பீடுகளில் வராது, நம் ஊரில் எல்லாவற்றையும் தீர்மானிப்பதே இதுதான். மானியத்தில் கருவி வாங்கும் பணம் ஒரு தலைப்பு, மாதாமாதம் கட்டும் பணம் வேறு தலைப்பு. பெட்டி வாங்க ஆறு லட்சம் கிடைக்கும். மாதம் ஐயாயிரம் கட்டுவதற்கு, அதுவும் திட்டம் முடிந்த நான்காவது வருடத்தில், எவரும் தரமாட்டார்கள்.

யார் பார்த்துக்கொள்வார்கள்? இன்றைக்கு ஒரு ஆராய்ச்சி மாணவர் ஆர்வமாகச் செய்கிறார். அவர் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு?

## நாஸ்

ஆய்வகத்துக்குள்ளேயே ஒரு பெட்டி, எட்டு டிஸ்க், எல்லோருடைய கணினியிலும் ஒரு டிரைவாகத் தெரியும். பழக ஒரு நாள் போதும். தரவைப் பல டிஸ்க்குகளில் பிரித்து எழுதும் ரெய்டு 6 முறையைப் போட்டால் இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் போனாலும் தரவு நிற்கும். ஒரு ஃபைல் காணவில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கலாம். அன்றாட வேலைக்கு இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை.

ஆனால் ரெய்டு பேக்கப் ஆகாது. டிஸ்க் கெடுவதற்குத்தான் அது மருந்து. யாராவது அழித்தால் எட்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நுண்ணோக்கி அறைக் கணினியை இரவு இரண்டு மணிக்கு நாஸில் நகலெடுக்கும்படி ஆர்சிங்க் என்ற நகலெடுப்பு நிரலைப் போட்டு வைத்திருந்தோம். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடும் டிலீட் ஆப்ஷனோடு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று நான்தான் அதைச் சேர்த்தேன். ஒரு நாள் கணினியில் இடம் தீர்ந்துவிட்டது. ஒரு மாணவி, "நாஸ்ல இருக்கே" என்று பழைய ஃபோல்டர்களை அழித்தார். அவர் நினைத்ததில் தப்பே இல்லை, நாங்கள் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம். அன்று இரவு இரண்டு மணிக்கு நாஸிலும் அவை அழிந்தன. மூன்று வாரம் கழித்து, கட்டுரையை மதிப்பிட்டவர்கள் மூலப் படங்களைக் கேட்ட கடிதத்தோடு அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். ஸ்னாப்ஷாட் (குறித்த நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையை நாஸே பிடித்து வைப்பது) இருந்தது, ஏழு நாளுக்கு மட்டும். எட்டு மாதப் படங்கள் போயின. அந்தச் சோதனைகளில் பாதியைத்தான் அவரால் மறுபடி செய்ய முடிந்தது.

ஆகவே நாஸ் வாங்கினால் இவற்றைச் செய்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட்டை 90 நாளாவது வைத்திருங்கள். மூலத் தரவு ஒருமுறை எழுதிய பின் மாறாது என்பதால் அது பெரிதாக இடம் பிடிக்காது, மாறுவதற்குத்தான் இடம் தேவை. டிலீட் ஆப்ஷனை எடுத்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் அட்மின் கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். பெட்டியை இணையத்துக்குத் திறந்து வைக்கவே வைக்காதீர்கள். 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள் நேராக நுழைந்து, ஃபைல்களைப் பாஸ்வேர்டு போட்ட செவன்-ஜிப்பில் கட்டி வைத்துவிட்டுப் பிட்காயின் கேட்டது. வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டுமே என்று திறந்து வைத்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

மறைந்திருக்கும் செலவு: ஐந்தாறு வருடத்தில் எல்லா டிஸ்க்கையும் மாற்ற வேண்டியிருக்கும். யுபிஎஸ் பேட்டரி. அப்புறம் ஏசி. சனி ஞாயிறு கட்டடத்து ஏசியை நிறுத்திவிடும் நிறுவனங்களில் அந்த அறைக்குத் தனி ஏசி வேண்டும்.

## டேப்

டேப் என்றதும் பழங்காலம் என்று நினைக்கிறார்கள். ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் இன்றைக்கும் துகள் மோதல் தரவை நெடுங்காலத்துக்கு டேப்பில்தான் வைக்கிறது. 2011-இல் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்கள் காணாமல் போயின. பல தரவு மையங்களில் இருந்த நகல்களையும் அந்தப் பிழை தொட்டுவிட்டது. கூகுள் டேப்பிலிருந்துதான் திரும்பக் கொடுத்தது. காரணம் எளியது. அலமாரியில் இருக்கும் டேப்பை எந்த ஸ்கிரிப்டும் தொட முடியாது. கையால் எடுத்து டிரைவில் போட வேண்டும். என் முதல் அளவுகோலில் இதை வெல்ல ஒன்றும் இல்லை.

கணக்கு: எல்டிஓ என்பது டேப்பின் பொது வகை, பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. எல்டிஓ-9 காட்ரிட்ஜ் ஒன்றில் 18 டிபி. பெட்டியில் 45 டிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது சுருக்கிய கணக்கு. வரிசைப்படுத்தல் ஃபைல்கள் ஏற்கெனவே சுருங்கியவை, அதனால் 18-ஐத்தான் நம்ப வேண்டும். 40 டிபிக்கு மூன்று காட்ரிட்ஜ். இரண்டு செட் என்றால் ஆறு. வினாடிக்கு 400 எம்பி வேகம், ஒரு காட்ரிட்ஜ் நிறைய பன்னிரண்டரை மணி நேரம். புது காட்ரிட்ஜை முதல்முறை போடும்போது டிரைவ் அதை அளந்து பார்க்கும். அதற்கு இரண்டு மணி நேரம்வரை ஆகலாம். கெட்டுவிட்டது என்று பயந்து வெளியே எடுத்துவிடாதீர்கள்.

டிரைவுக்குச் சில லட்சம் ஆகும், அதுதான் வலி. அதோடு டிரைவை இணைக்க சர்வரில் எஸ்ஏஎஸ் கார்டு வேண்டும். காட்ரிட்ஜ் மலிவு, டிபி கணக்கில் ஹார்ட் டிஸ்க்கைவிட மலிவு. தரவு கூடக்கூட டேப்பின் சராசரிச் செலவு இறங்கும். பத்து டிபிக்குக் கீழே இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. நெடுங்காலம் வைக்கும் டேப்புக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீதம் ஈரப்பதம் என்பது விதி. சென்னையிலோ தூத்துக்குடியிலோ சாதாரண அலமாரியில் அது நடக்காது. நுண்ணோக்கி மையத்துக்காரருக்கு இதில் அதிர்ஷ்டம்: லென்ஸ்களைப் பூஞ்சை பிடிக்காமல் வைக்கும் ட்ரை கேபினெட் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். முகப்பில் ஈரப்பதம் 40 என்று ஒளிரும் அந்தப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஆறு காட்ரிட்ஜ் தாராளமாக உட்காரும். என்எம்ஆர் கருவி இருக்கும் அறையில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் காந்தம் பக்கத்தில் டேப் எதற்கும் உதவாது.

தலைமுறைக் கணக்கையும் பார்க்க வேண்டும். எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8 வரைதான் பின்னோக்கிப் படிக்கும். 2013-இல் எழுதிய எல்டிஓ-6 டேப் உங்களிடம் இருந்தால் புது டிரைவ் அதைத் தொடாது. ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை புது டேப்புக்கு மாற்றுவது இந்த வழியின் நிரந்தர வேலை. அதற்கு ஆள் வேண்டும். ஆள் இல்லாத ஆய்வகத்தில் டேப் டிரைவ் இரண்டாவது வருடமே மேசைக்கு அடியில் போய்விடும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

## கிளவுட்

கட்டடம் எரிந்தாலும் முங்கினாலும் கவலை இல்லை. டிஸ்க் மாற்றுவது அவர்கள் பாடு. ஆப்ஜெக்ட் லாக் என்ற பூட்டைப் போட்டால், குறித்த தேதிவரை நீங்களே நினைத்தாலும் அழிக்க முடியாது. முதல் அளவுகோலில் டேப்புக்கு அடுத்து இதுதான்.

விலைப் பட்டியலில்தான் கவனம் வேண்டும். அமேசானின் டீப் ஆர்க்கைவ், அமெரிக்கப் பிராந்தியத்தில், டிபிக்கு மாதம் சுமார் 1 டாலர். 40 டிபிக்கு 40 டாலர். இதைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். வெளியே எடுக்க ஜிபிக்கு 9 சென்ட் வாக்கில். 40 டிபியையும் ஒருமுறை திரும்ப எடுத்தால் 3,500 டாலர் பக்கம். ஏழு வருட வாடகையை ஒரே நாளில் கட்டுகிறீர்கள். மும்பைப் பிராந்தியத்தில் எடுக்கும் கட்டணம் இன்னும் கூடுதல். கேட்டவுடன் வராது, 12 மணி நேரமோ, மலிவான வழியில் 48 மணி நேரமோ காத்திருக்க வேண்டும். 180 நாளுக்குள் அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு.

எண்ணிக்கைக்கும் காசு. ஆயிரம் ஃபைல் ஏற்ற 5 சென்ட் என்றால் சிறிதாகத் தெரியும். நுண்ணோக்கிக்காரரிடம் ஒரு கோடி சின்னச் சின்னப் படங்கள் இருந்தால் ஏற்றுவதற்கே 500 டாலர். எல்லாவற்றையும் டார் ஃபைலாகக் கட்டிவிட்டு ஏற்றினால் இது ஏறக்குறைய இல்லாமல் போகும்.

அடுத்தது இணைப்பு. 100 மெகாபிட்டில் 1 டிபி ஏற 22 மணி நேரம், அதாவது 40 டிபிக்கு ஐந்து வாரம். கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்பில் ஜிகாபிட் இணைப்பு இருக்கும் நிறுவனத்தில் நான்கு நாளில் முடியும், மற்றவர்கள் யாரும் அந்த நேரம் இணையத்தைத் தொடாவிட்டால்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது திட்டம் முடியும் நாள். மூன்று வருட மானியத்தில் பில் கட்டுகிறீர்கள். நான்காவது வருடம் கட்ட ஆள் இல்லை. எச்சரிக்கை அஞ்சல்கள், ஏற்கெனவே வேறு ஊருக்குப் போய்விட்ட முதுமுனைவர் ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். கணக்கு மூடப்படும், தரவும் போகும். கணக்கை நிறுவனத்தின் பொது முகவரியில் தொடங்குங்கள், தனி ஆள் பெயரில் வேண்டவே வேண்டாம்.

மனித மரபணுத் தரவு என்றால் இன்னொரு படி உண்டு. பங்கேற்றவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் தரவு எங்கே வைக்கப்படும் என்று என்ன எழுதியிருக்கிறது? நெறிமுறைக் குழுவிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றும் முன் இங்கேயே குறியாக்கம் செய்யுங்கள். அந்தச் சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு இயக்குநர் அலுவலகப் பீரோவில் வையுங்கள். சாவி ஒரே ஒரு மடிக்கணினியில் இருந்து, அதன் சொந்தக்காரர் போய்விட்டால், பேக்கப் இருந்தும் இல்லாத கதைதான்.

## சுருக்கமாக மற்ற வழிகள்

வெளி ஹார்ட் டிஸ்க்: பத்து டிபிக்குள் இருக்கும் சிறு குழுவுக்குப் போதும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். கழற்றி வைத்தால்தான் பேக்கப், செருகியே வைத்திருந்தால் அது இன்னொரு டிரைவ். எஸ்எஸ்டியைக் கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் பெட்டியில் போடாதீர்கள், அதில் தரவு நிற்காது.

பொதுக் களஞ்சியம்: வரிசைப்படுத்தல் தரவை ஃபரிதாபாத்தில் 2022 முதல் இயங்கும் இந்திய உயிரியல் தரவு மையத்தில் ஒப்படைக்கலாம். கட்டுரை வெளியிட எப்படியும் எங்காவது ஒப்படைத்தாக வேண்டும், அதை முன்னதாகவே செய்துவிடுங்கள். செலவில்லாத வெளியூர் நகல் கிடைத்துவிடும். வெளியிட முடியாத தரவுக்கு இது உதவாது.

இன்னொரு நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல்: உங்கள் பெட்டி அவர்களிடம், அவர்கள் பெட்டி உங்களிடம். மாத வாடகை இல்லை என்பதால் நம் மானிய முறைக்கு அழகாகப் பொருந்தும். இரு இயக்குநர்களும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வேண்டும், வாய்ப்பேச்சில் செய்யாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | நாஸ் | டேப் | கிளவுட் ஆர்க்கைவ் |
|---|---|---|---|
| தவறுதலாக அழித்தால் | ஸ்னாப்ஷாட் இருக்கும் நாள்வரை | தப்பும் | லாக் போட்டிருந்தால் தப்பும் |
| ரான்சம்வேர் | ஆபத்து | தப்பும் | லாக் போட்டிருந்தால் தப்பும் |
| தீ, வெள்ளம் | போய்விடும் | இரண்டாவது செட் வெளியே இருந்தால் தப்பும் | தப்பும் |
| ஒரு ஃபைல் எடுக்க | நிமிடங்கள் | ஒரு மணி நேரம் | அரை நாள் முதல் 2 நாள் |
| 40 டிபியும் எடுக்க | 1 முதல் 4 நாள் | சுமார் 2 நாள் | ஒரு வாரமும் ஆகலாம், பெரிய பில் |
| மானியம் முடிந்தபின் | ஓடும்வரை ஓடும் | அலமாரியில் இருக்கும் | பில் நின்றால் போய்விடும் |

## அந்த ஆறு லட்சத்துக்கு

நுண்ணோக்கி மையத்துக்காரருக்கு: முழுநேரத் தொழில்நுட்பர் ஒருவர் உங்களிடம் இருக்கிறார். சின்ன நாஸ் ஒன்று, எல்டிஓ-8 டிரைவ் ஒன்று. உங்கள் அளவுக்கு ஒன்பதாம் தலைமுறை தேவையில்லை, 12 டிபி காட்ரிட்ஜே போதும். ஒரு செட் ட்ரை கேபினெட்டில், இன்னொரு செட் வளாகத்தின் மறுகோடியில் மாடியில்.

மரபணு ஆய்வகத்துக்காரருக்கு: நீங்கள் தனி ஆள், அதுவும் மாணவர். டேப் வேண்டாம். 90 நாள் ஸ்னாப்ஷாட்டோடு ஒரு நாஸ், நட்பான நிறுவனத்தில் வைக்க இன்னொரு நாஸ். அந்த இரண்டாவது பெட்டி உங்கள் பெட்டியிலிருந்து தானே இழுத்துக்கொள்ள வேண்டும், உங்கள் பக்கத்திலிருந்து அதில் எழுதவோ அழிக்கவோ யாருக்கும் உரிமை இருக்கக்கூடாது. இந்த ஒரு அமைப்பு என் மாணவியின் எட்டு மாதத்தைக் காப்பாற்றியிருக்கும். வெளியிடக்கூடியவற்றை ஃபரிதாபாத்துக்கு அனுப்புங்கள். குறிப்பேடு, கோடு, மாதிரிப் பட்டியல் மட்டும் லாக் போட்டு கிளவுடில். 500 ஜிபிதான் என்பதால் அதற்கான பில்லை நிறுவனம் திட்டம் முடிந்தும் கட்டும், நான் கேட்டுப் பார்த்த இடங்களில் மறுத்ததில்லை.

எதை வாங்கினாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் ஒதுக்கி ரீஸ்டோர் செய்து பாருங்கள். 2017 ஜனவரியில், நிரல் எழுதுவோரின் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவை அழித்தபோது, வைத்திருந்த ஐந்து பேக்கப் வழிகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தோல்வியைச் சொல்ல வேண்டிய அஞ்சல்கள் வந்து சேரவே இல்லை, அதனால் எல்லாம் நலம் என்றே நினைத்திருந்தார்கள்.

இப்போது நாங்கள் செய்வது இப்படி: காலாண்டின் முதல் திங்கள்கிழமை, பேக்கப் போட்டவரை விட்டுவிட்டு வேறு ஒருவர், பழைய ஆய்வேடு ஒன்றைப் பிரித்து அதில் ஒரு படத்தைக் காட்டுவார். "இதோட மூலம் வேணும்." பேக்கப்பிலிருந்து மட்டும் அதை எடுத்து, ஹேஷ் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) சரிபார்த்து, திரையில் திறந்து காட்ட வேண்டும். முதல் தடவை ஃபைல் ஒழுங்காக வந்தது, ஹேஷும் சரி, ஆனால் திறக்கவில்லை. அந்த நுண்ணோக்கியின் மென்பொருளுக்கு உரிமச் சாவியாகச் செருகும் ஒரு யுஎஸ்பி டாங்கிள் வேண்டும், அது பழைய கணினியோடு கழிவுக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து மூல ஃபைலோடு ஓஎம்இ-டிஃப் என்ற திறந்த நுண்ணோக்கிப் பட வடிவில் இன்னொரு நகலையும் சேர்த்தே வைக்கிறோம்.